நான்காவது அல்பத்துக்கு என்ன புள்ளி

சுன்னாகம்
04.06.2025

மதிப்புக்குரிய யோசப்பின் ரீச்சருக்கு,

நான் நலம். நீங்களும் அப்படியே என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இது வேலை விடயமான கடிதம். ரொறன்ரோவில் என் மகன் சிவகரனும் லண்டனில் உங்கள் மகன் ஜெனிஸ்ரனும் இன்னும் மூன்று நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, கிழமைக்கு ஒரு ஹிப் ஹொப் அல்பத்தை முதலில் இருந்து கடைசிவரை கேட்டுப் புள்ளி போடுகிறார்களாம். எல்லாம் முப்பது வருடத்துக்கு முந்திய பேர்போன அல்பங்கள். நாற்பது வயதுப் பிள்ளைகளுக்கு இதுதான் பொழுதுபோக்கு.

சிக்கல் என்னவென்றால், ஐந்து பேரும் எல்லாவற்றுக்கும் தொண்ணூறுக்கு மேல் அள்ளிக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது நான்கு அல்பங்கள் சமமாக முதலாம் இடத்தில் நிற்கின்றன. நேற்றுச் சிவகரன் போனில் சொன்னான்: “அம்மா, எங்களுக்குத் தொண்ணூறு குடுக்காத ஆக்கள் வேணும். நீங்களும் யோசப்பின் ரீச்சரும் ஆருக்கும் எண்பது தந்ததை நாங்கள் கண்டதில்லை.”

அது உண்மைதான். கோட்டப் பேச்சுப் போட்டிகளுக்கு நாங்கள் இருவரும் எத்தனை வருடம் நடுவர்களாக இருந்தோம். மண்டபத்தின் இரண்டு மூலையில் இருந்துதான் புள்ளி போடுவோம், ஒருவர் தாளை மற்றவர் பார்ப்பதில்லை. ஆகையால் போனும் வேண்டாம், வட்ஸ்அப்பும் வேண்டாம். கடிதம் போதும். முதலாவது அல்பத்துக்கான என் புள்ளியைத் தாளின் அடியில் மடித்து ஒட்டியிருக்கிறேன். உங்கள் புள்ளியை எழுதி முடிக்காமல் திறக்கவேண்டாம். பேச்சுப் போட்டிக்குரிய திட்டமே இதற்கும்: பொருள் 40, உச்சரிப்பு 20, குரல் 20, அவை நடத்தை 10, நேரம் 10.

இன்னொன்று. இரண்டு வருடத்துக்கு முன், ஆடி மாதம், இந்த வீட்டில் இருந்து அவரைச் சுடலைக்குத் தூக்கிக்கொண்டு போன அன்று தெரிந்தவர்கள் எல்லாரும் வந்தார்கள். நீங்கள் வரவில்லை. ஏன் என்று நான் அன்றும் கேட்கவில்லை, இன்றும் கேட்கவில்லை. நீங்களும் அதைப்பற்றி எழுதவேண்டாம். புள்ளியை மட்டும் எழுதவும்.

இப்படிக்கு,
திருமதி குணலட்சுமி சண்முகநாதன்


குருநகர்
11.06.2025

அன்புள்ள குணம் ரீச்சருக்கு,

உங்கள் கையெழுத்தை உறையில் கண்டதும் கொஞ்ச நேரம் உடைக்காமல் வைத்துக்கொண்டு இருந்தேன். எழுதவேண்டாம் என்றதை எழுதமாட்டேன். நடுவர் வேலையை ஏற்றுக்கொள்கிறேன்.

முதலாவது அல்பத்தைக் கேட்டேன். தனியே கேட்கப் பயமாக இருந்ததால் பக்கத்து வீட்டு யசிந்தாவையும் இருத்தினேன். அவள் மீன்வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டே கேட்டாள். இரண்டாவது பாட்டில் கையை நிறுத்திவிட்டு, “ரீச்சர், உவன் ஏன் மூச்சு விடாமல் கதைக்கிறான்? பின்னாலை நாய் கலைக்குதோ?” என்றாள். உச்சரிப்புக்கு நான் பதினாறு போட்டது அதனால்தான். அந்த வேகத்திலும் ஒரு சொல்லின் கடைசி எழுத்தைக்கூட அவர் விழுங்கவில்லை. எங்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நின்று நிதானமாக வாசிக்கும்போதே பாதிச் சொல்லை விழுங்குவார்கள்.

ஆனால் அவை நடத்தைக்கு என்ன செய்வது? “நடுவர் அவர்களே, அவையோரே” என்று ஒருவரும் தொடங்கவில்லை. எடுத்த எடுப்பில் எங்களைக் கையைத் தூக்கச் சொல்கிறார். யசிந்தா தூக்கினாள். நான் தூக்கவில்லை, நடுவர் தூக்கக்கூடாது. பத்துக்கு நான்கு கொடுத்தேன்.

கெட்ட வார்த்தைகள் நிறைய. எங்கள் பங்குச் சுவாமியார் வாசலால் போனபோது ஸ்பீக்கரின் மேல் தலையணையை வைத்தேன்.

உங்கள் மடிப்பைத் திறந்தேன். நீங்கள் 61. நான் 62. இத்தனை நாளுக்குப் பிறகும்.

அன்புடன்,
யோசப்பின்


சுன்னாகம்
17.06.2025

யோசப்பின் ரீச்சருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. சுவாமியாருக்குத் தலையணை வைத்த கதையை வாசித்துச் சிரித்தேன் என்று எழுதமாட்டேன்.

கெட்ட வார்த்தை பற்றி ஒரு முடிவு எடுக்கவேண்டும். இரண்டாவது அல்பத்தில் நான் ஒவ்வொன்றாகக் கோடு போட்டு எண்ணினேன். நூற்று நாற்பத்து மூன்று. ஒன்றுக்கு அரைப் புள்ளி வெட்டினேன். மொத்தம் மறை இருபத்து நாலரை வந்தது. சைபருக்குக் கீழே போன பிள்ளையை என் வாழ்நாளில் கண்டதில்லை. கணக்கு ரீச்சர் என்றபடியால் மூன்று தரம் கூட்டிப் பார்த்தேன், சரியாகவே இருந்தது. எனவே வெட்டுவதை விட்டுவிட்டேன். கோபத்தில் சொன்னதா, பழக்கத்தில் சொன்னதா என்று நீங்கள் ஆங்கில ரீச்சராகப் பிரித்துச் சொல்லுங்கள்.

ஒரு நல்ல பழக்கத்தைக் கவனித்தேன். ஒவ்வொருவரும் ஒவ்வொரு பாட்டிலும் தன்னுடைய பெயரைச் சொல்லிவிடுகிறார். எத்தனை பிள்ளைகளுக்கு, ஒவ்வொரு விடைத்தாளிலும் பரீட்சைச் சுட்டெண்ணை எழுது என்று தொண்டை வறளக் கத்தியிருக்கிறோம். இவர்கள் சொல்லாமலே எழுதுகிறார்கள்.

ஆனால் தானே உலகத்தில் சிறந்தவன் என்று முதல் வரியிலேயே விடையை எழுதிவிடுகிறார். எப்படி வந்தது என்று செய்கை காட்டவில்லை. விடைக்கு ஒரு புள்ளி கொடுக்கலாம், செய்கைக்குரிய புள்ளியை எப்படிக் கொடுப்பேன்?

என்னோடு கேட்டது தங்கமுத்து. வெங்காயத்துக்குக் களை பிடுங்க வந்தவள். ஸ்பீக்கரை வரப்பில் வைத்தேன். “அம்மா, உவை பாடேல்லை, சண்டை பிடிக்கினம். ஆனா ஒழுங்காச் சண்டை பிடிக்கினம்” என்றாள். அன்று நாலு பாத்தியில் நிற்கவேண்டியவள் ஏழு பாத்தி முடித்துவிட்டாள்.

மடிப்பில் இரண்டாவதுக்கான புள்ளி.

இப்படிக்கு,
குணலட்சுமி


குருநகர்
25.06.2025

அன்புள்ள குணத்துக்கு,

நீங்கள் 47, நான் 48. இதோடு மூன்றாவதுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

கெட்ட வார்த்தை பற்றிக் கேட்டீர்கள். ஒரு உதாரணம் சொல்கிறேன். எங்கள் கடற்கரையில் கயிறு அறுந்தால் ஒரு வார்த்தை வரும், மீன் நிறைய விழுந்தாலும் அதே வார்த்தைதான் வரும். கயிறு அறுந்ததற்கு வெட்டலாம், மீன் விழுந்ததற்கு வெட்டக்கூடாது. அந்த நூற்று நாற்பத்து மூன்றில் நூற்றுப் பத்து மீன்.

மூன்றாவதில் வேறு வழக்கு. பின்னால் போகிற இசை பழைய ஆட்களுடைய பாட்டில் இருந்து வெட்டி எடுத்ததாம். ஜெனிஸ்ரன்தான் சொன்னான். “பாத்து எழுதினதோ?” என்று கேட்டேன். “அம்மா, இது அப்பிடி இல்லை” என்று அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினான். விளங்கவில்லை. பிறகு பழைய பாட்டையும் எடுத்துக் கேட்டேன். அதில் ஒரு மூலையில் கிடந்த நாலு செக்கன் துண்டைப் பொறுக்கி, திருப்பித் திருப்பிப் போட்டு, அதன் மேல் மேளத்தை ஏற்றி வைத்திருக்கிறார்கள். பழைய சேலைக் கரையை வெட்டிப் புதுச் சட்டைக்குக் கழுத்து வைப்பது போல. அதைப் பார்த்து எழுதியது என்று சொல்ல முடியுமா? உமக்கு நினைவிருக்கும், நீர் ஒரு முறை அப்படித் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு பரிசளிப்பு விழாவுக்கு வந்தீர். எல்லாரும் கொழும்பில் வாங்கியது என்று நினைத்தார்கள்.

பழைய பழக்கத்தில் நீர் என்று எழுதிவிட்டேன். பேனையால் எழுதியது, அழிக்க முடியாது. மன்னிக்கவும்.

யசிந்தா இப்போது கூப்பிடாமலே வருகிறாள். தன்னுடைய புள்ளியையும் எழுதச் சொல்கிறாள். நூற்றுக்கு நூற்றைந்து.

அன்புடன்,
யோசப்பின்


சுன்னாகம்
08.07.2025

யோசப்பின் ரீச்சருக்கு,

மூன்றாவது அல்பம்: நான் 70, நீங்கள் 70.

இது எனக்குக் கோபமாக இருக்கிறது. ஒருவரோடு இரண்டு வருடம் கதைக்காமல் இருந்தால் அவருடைய புள்ளியாவது வேறாக இருக்கவேண்டும். நான் இங்கே தனியே இருந்து, தனியே சமைத்து, தனியே கேட்டு எழுபது போடுகிறேன். நீங்கள் கடலுக்குப் பக்கத்தில் இருந்து அதே எழுபதைப் போடுகிறீர்கள். இப்படி இருக்கிற ஆள் அன்றைக்கு எப்படி வராமல் விட்டா என்று யோசித்து யோசித்து இரண்டு தரம் சோற்றை அடிப்பிடிக்க விட்டேன். இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை என்று எழுதியது நான்தான். வாபஸ் வாங்குகிறேன். ஏன் வரவில்லை?

நான்காவதுக்கு என் புள்ளி மடிப்பில் இருக்கிறது. உங்களுடையது இன்னும் வரவில்லை. சிவகரன் நாளுக்கு இரண்டு தரம் கேட்கிறான்.

குணலட்சுமி


குருநகர்
14.07.2025

அன்புள்ள குணத்துக்கு,

நான்காவதுக்கு என்னிடம் புள்ளி இல்லை. மடிப்பை நான் திறக்கவில்லை. என் கட்டத்தில் சைபர் போடவேண்டாம், “வரவில்லை” என்று எழுதும். இரண்டும் வேறு என்பது புள்ளிப் பதிவேடு எழுதிய உமக்குத் தெரியும். சைபர் என்பது வந்து எழுதித் தவறியவருக்கு. நான் எழுதவே இல்லை.

ஏழாவது பாட்டு முடிய ஒரு கதைப் பகுதி வருகிறதே, பாட்டு இல்லாமல், போனில் பதிவாகிய ஒரு குரல். “நேரம் கிடைக்கும்போது ஒருக்கா எடு, பெரிசா ஒண்டும் இல்லை” என்ற பொருளில் ஒரு மனிதர் சொல்லி வைத்துவிடுகிறார். அதோடு நிறுத்திவிட்டேன். யசிந்தா, “என்ன ரீச்சர், கரண்ட் போட்டுதோ?” என்று கேட்டாள்.

இனி எழுதுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன், எங்கள் கோயில் பெருநாள் கிழமை, ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் சண்முகநாதன் அண்ணை எனக்குப் போன் எடுத்தார். உமக்குத் தெரியாமல், நீர் கிணற்றடியில் நின்ற நேரம் பார்த்து. “ரீச்சர், எனக்கு ஒண்டும் இல்லை. குணம்தான் ஒரு மாதமாச் சிரிக்கேல்லை. நீங்கள் வந்தால் சிரிப்பா. ஒருக்கா வாங்கோ” என்றார். நான், “பெருநாள் முடியட்டும் அண்ணை, வாற கிழமை கட்டாயம் வாறன்” என்றேன். “ஓம் ஓம், வாற கிழமை வாங்கோ” என்று அவரும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை, அவர் போய்விட்டார் என்று நீர் அறிவித்த செய்தி வந்தது.

அன்று நான் வராமல் விடவில்லை. வெள்ளைச் சேலை உடுத்து பஸ் ஏறினேன். வழியில் மருதனார்மடத்தில் மாலை வாங்க இறங்கினேன். மாலையும் கையுமாக நின்றபோது, உம்முடைய முகத்தைப் பார்த்து என்ன சொல்வது என்று ஒன்றும் வரவில்லை. மற்றப் பக்கம் நின்ற பஸ்ஸில் ஏறித் திரும்பி வந்துவிட்டேன். பிறகு முப்பத்தோராம் நாளுக்கு வரலாம் என்று இருந்தேன். பிறகு ஆண்டுத் திவசத்துக்கு. பிந்தப் பிந்த உம்முடைய வாசல் படலை உயர்ந்துகொண்டு போனது.

இப்போது உமக்குத் தெரியும். என்னை நடுவர் வேலையில் இருந்து நிறுத்திவிடும்.

யோசப்பின்


சுன்னாகம்
18.07.2025

யோசி,

உம்முடைய கடிதத்தை மத்தியானம் வாசித்தேன். இப்போது ஐந்து மணி. இன்னும் சாப்பிடவில்லை.

முதலில் கோபம். அவர் கூப்பிட்டு நீர் வரவில்லை என்பதற்கு இல்லை. நோய் வருத்தக்காரர் எல்லாரும் ஒருக்கா வாங்கோ என்றுதான் சொல்வார்கள், கேட்கிறவர்கள் எல்லாரும் வாற கிழமை என்றுதான் சொல்வார்கள். என் தமக்கை கடைசியாகக் கூப்பிட்டபோது நானும் அதைத்தான் சொன்னேன். என் கோபம் வேறு. அவர் சொன்ன ஒரு வசனத்தை நீர் இரண்டு வருடம் என்னிடம் தராமல் வைத்திருந்தீர். அவருடைய எல்லா வசனத்தையும் நான் கேட்டு முடித்துவிட்டேன் என்று இருந்தேன். ஒன்று மிச்சம் இருந்திருக்கிறது.

நான் சிரிக்கவில்லை என்று அவர் கவனித்தாரா? என்னிடம் வந்து, “என்னப்பா, சொதிக்கு உப்பில்லை” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

நீர் அவர் மாதிரிக் கதைத்துக் காட்டுவீர். ஆசிரியர் அறையில் எத்தனை தரம் காட்டியிருக்கிறீர், அவருக்கே காட்டியிருக்கிறீர். அந்த வசனத்தை அப்படியே, அவர் குரலில், நான் கேட்கவேண்டும். கடிதத்தில் அது வரவில்லை. வந்து சொல்லும்.

வந்தால் மன்னிப்பேனா என்று கேட்கவேண்டாம். முகத்தைப் பார்த்தால்தான் எனக்கே தெரியும். ஏசினாலும் ஏசுவேன், ஆயத்தமாக வாரும். புதன்கிழமை இரண்டு மணிக்குப் பிறகு வீட்டில் இருப்பேன். நான்காவது அல்பத்தின் கதைப் பகுதியை நான் சரியாகக் கவனிக்கவில்லை. தங்கமுத்து மண்வெட்டி கேட்டுக்கொண்டு வந்த நேரம். என்னுடைய புள்ளியும் சரியான புள்ளி இல்லை. மடிப்பைத் திறக்காமல் கொண்டுவாரும், கிழித்துவிட்டு இருவரும் முதலில் இருந்து கேட்போம்.

பதில் எழுதிக்கொண்டு இருக்கவேண்டாம்.

குணம்


சுன்னாகம், உம்முடைய படலையடி
23.07.2025, பின்னேரம் 2.40

குணம்,

பதில் எழுதவேண்டாம் என்றீர். வேறு வழியில்லாமல் எழுதுகிறேன். உம்முடைய மடிப்புத் தாளின் பின்பக்கம்தான் கைக்குக் கிடைத்தது. பயப்படவேண்டாம், மடிப்பு பிரியவில்லை.

இருபது நிமிடமாகப் படலையைத் தட்டுகிறேன். உமக்குக் கேட்கவில்லை. உள்ளே நான்காவது அல்பம் போகிறது. நான் வரமாட்டேன் என்று நினைத்து முதலே தொடங்கிவிட்டீரா, பழகிப் பார்க்கிறீரா தெரியவில்லை. இந்தச் சத்தம் குருநகரில் எங்கள் சுவாமியாருக்கே கேட்கும். படலையும் உள்ளே கொக்கி போட்டுக் கிடக்கிறது. போன் எடுத்தேன், அதுவும் உமக்குக் கேட்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் ஒருவர் வந்து என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “ரீச்சர் இப்ப உப்பிடித்தான், நாலு மணி மட்டும் ஒண்டும் கேளாது. நீங்கள் போட்டு நாளைக்கு வாங்கோவன்” என்றார்.

“இல்லை, நிக்கிறன்” என்றேன்.

தங்கமுத்து என்று சொல்லிக்கொண்டு ஒருவர் பின்வேலிப் பக்கத்தால் போகிறா. அவவிடம்தான் இதைக் கொடுத்துவிடுகிறேன். உம்முடைய கையில் தரச் சொல்லியிருக்கிறேன். “நீங்களே ரீச்சர் எழுபது போட்டது?” என்று கேட்டா. ஓம் என்றேன்.

இப்போது ஏழாவது பாட்டு முடிகிறது. அந்தக் குரல் வரப்போகிறது. இந்த முறை நிறுத்த என் கையில் ஒன்றும் இல்லை. கேட்டுக்கொண்டே நிற்கிறேன்.

கொக்கியைக் கழற்றும்.

யோசி