இறந்தவர் பெயருக்கு வந்த மாத்திரை

என் அன்பான அத்தாவுக்கு, உங்கள் மூத்தவளின் ஸலாம்.

இதை மையவாடிக்கு வந்து, உங்களை அடக்கிய இடத்தில் தலைமாட்டில் நின்று சொல்லியிருக்க வேண்டும். பெண்பிள்ளைகள் அங்கே வரக்கூடாது என்று மாமு கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் எழுதுகிறேன். எழுதியதைப் பத்திரிகைக்கும் அனுப்பப்போகிறேன். இப்போதே கோபித்துக்கொள்ளாதீர்கள், காரணத்தை முழுக்கப் படித்துவிட்டுக் கோபியுங்கள்.

எனக்குப் பயமாக இருக்கிறது அத்தா. வகுப்பில் நாற்பது பிள்ளைகளை ஒரு அதட்டலில் உட்கார வைக்கிறவள்தான் நான். வீட்டில் ஒரு பாத்திரம் கீழே விழுந்தால் இப்போதெல்லாம் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிறேன். தங்கச்சி ஜைனபு கொல்லைப்பக்கம் போனால் அவள் கொலுசுச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் போய் மூன்று மாதமாகிறது. அம்மா இன்னும் இத்தாவில்தான் இருக்கிறாள். நாலு மாதம் பத்து நாள் முடியும்வரை அவள் வாசற்படி தாண்ட முடியாது, வேற்று ஆண்கள் முன்னால் வர முடியாது. உங்கள் கருவாட்டு வியாபாரத்தை மாமு பார்த்துக்கொள்கிறார். என் பள்ளிக்கூடச் சம்பளம் ஒழுங்காக வருகிறது. சோற்றுக்குக் குறைவில்லை. குறைந்தது ஜைனபின் மாத்திரைதான்.

அவளுக்குப் பதினாலு வயதில் முதல்முறை வலிப்பு வந்ததும் நீங்களும் நானும் மெட்ராஸ் கூட்டிக்கொண்டு போனோமே, அந்த டாக்டரிடம் நீங்கள் கெஞ்சியது என் காதிலேயே இருக்கிறது. "பொண்ணு பேரு வேணாம் டாக்டர். நாளைக்கு ஒருத்தன் கையில புடிச்சுக் குடுக்கணும். சீட்டுல என் பேரே இருக்கட்டும்." அவரும் இரக்கப்பட்டு அப்படியே எழுதிக் கொடுத்தார். மதுராந்தகத்தில் வாங்கினால் யாராவது பார்ப்பார்கள் என்று, மெட்ராஸில் தபாலில் மருந்து அனுப்புகிற கம்பெனியிடம் சீட்டைக் கொடுத்துவிட்டு வந்தீர்கள். மாதாமாதம் வி.பி. பார்சல் வரும். பணத்தைக் கட்டிவிட்டு வாங்கிக்கொள்வீர்கள். கேட்பவர்களிடம், "எனக்குத்தாம்பா, நரம்பு வீக்கு" என்பீர்கள். கடப்பாக்கம் முழுக்க அதை நம்பியது. நம் தபால்கார முருகேசன் அண்ணனும் நம்பினார்.

நீங்கள் மௌத்தான அந்த மாதம் பார்சல் வரவேயில்லை. பத்தாம் தேதி போனது, பதினைந்தும் போனது. புட்டியில் இருபத்திரண்டு மாத்திரைதான் பாக்கி. ஒரு நாள் பள்ளிக்கூட வாசலில் முருகேசன் அண்ணனை மடக்கிக் கேட்டேன்.

"வந்துச்சு டீச்சர். நாந்தான் திருப்பி அனுப்பிட்டேன்" என்றார் அவர், ஏதோ உபகாரம் செய்தவர் மாதிரி.

"ஏண்ணே?"

"இன்னா டீச்சர், நோயாளியே பூட்டாரு, மருந்து இன்னாத்துக்கு? வூட்டாண்ட எடுத்தாந்தா அவரு பேரப் பாத்து அம்மா அழும். காசு வேற தண்டம். அதான், 'பெறுநர் காலமாகிவிட்டார்'னு எழுதி அனுப்பிட்டேன். அண்ணனுக்கு என்னால முடிஞ்சது."

அது உங்களுக்கு வந்த மருந்து இல்லை என்று அந்த நல்ல மனுஷனிடம் எப்படிச் சொல்ல? "ரொம்ப நன்றிண்ணே" என்றேன் அத்தா. நன்றி சொல்லிவிட்டு வகுப்புக்குள் போய், கரும்பலகையைப் பார்த்து நின்றுகொண்டு அழுதேன்.

அன்றைக்கே கம்பெனிக்குக் கடிதம் போட்டேன். தந்தை இறந்துவிட்டார், மாத்திரை தொடர்ந்து வேண்டும், உடனே அனுப்புங்கள் என்று. நாலு நாளில் பதில் வந்தது. நோயாளி இறந்துவிட்டதால் சீட்டு செல்லாதாம், கணக்கை முடித்துவிட்டார்களாம். சீட்டைத் திருப்பித் தரவும் வழியில்லையாம். கூடவே ஒரு பில், திரும்பிப் போன பார்சலின் தபால் செலவுக்கு. அது நோயாளியின் பேரிலேயே, அதாவது உங்கள் பேரிலேயே இருந்தது. செத்தவருக்கு மருந்து கிடையாதாம், பில் மட்டும் உண்டாம்! என் வாயில் வந்ததையெல்லாம் இங்கே எழுத முடியாது.

அந்த பில்லைப் பார்த்து அம்மா நடுங்கிவிட்டாள். உங்கள் ஜனாஸாத் தொழுகையின்போது மாமு எழுந்து நின்று, "மச்சானுக்கு யாருகிட்டயாச்சும் கடன் இருந்தா எங்கிட்ட வாங்கிக்குங்க, இல்லாட்டி ஹலாலாக்கிடுங்க" என்று கேட்டாராம். வலைக்காரர், உப்புக்காரர் எல்லாரும் விட்டுக்கொடுத்துவிட்டார்களாம். மெட்ராஸ் கம்பெனிக்காரன் நம் பள்ளிவாசலில் வந்தா நிற்பான்?

"கடனோட கெடக்குறாரேடி அங்க. மொதல்ல அத்தக் கட்டுடி" என்று அம்மா சோறு தின்னாமல் கிடந்தாள். மணியார்டர் அனுப்பினேன். ரசீது வந்தது. அந்த ரசீதோடு உங்களுக்கு ஒரு கடிதமும் வந்தது அத்தா. அச்சடித்த கடிதம். "அன்புள்ள வாடிக்கையாளரே, தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம். மருந்து தொடர வேண்டுமானால் தங்கள் கையொப்பமிட்டுத் தெரிவிக்கவும்." பில் போடுகிற மேஜைக்காரனுக்கு நீங்கள் உயிரோடு இருந்தீர்கள். மருந்து கட்டுகிற மேஜைக்காரனுக்குத்தான் இறந்துபோயிருந்தீர்கள். அந்த இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவே மாட்டார்களா?

அப்போது நான் ஒரு காரியம் செய்தேன். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும். உங்கள் கையெழுத்தை நோட்டில் முப்பது தடவை போட்டுப் பழகி, நீங்களே எழுதினது போல எழுதி அனுப்பினேன். நான் நலம், மருந்து அனுப்பவும் என்று.

அதற்குப் பதில் மருந்து மேஜையிலிருந்து வந்தது. "ஐயா, எங்கள் பதிவேட்டின்படி தாங்கள் காலமாகிவிட்டீர்கள். ஆகவே தங்கள் வேண்டுகோளை ஏற்பதற்கில்லை." இதைப் படித்துவிட்டு ஜைனபு விழுந்து விழுந்து சிரித்தாள். நீங்கள் இருந்தால் நீங்களும் சிரித்திருப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்பது மாத்திரைதான் இருந்தது.

சும்மா உட்கார்ந்திருந்தேன் என்று நினைக்காதீர்கள். அந்த டாக்டருக்கு முன்பே எழுதியிருந்தேன், மகனோடு இருக்க வெளிநாடு போய்விட்டாராம். பழைய காலிப் புட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு மதுராந்தகம் மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரர் புட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது தூக்க மாத்திர மாதிரிம்மா. சீட்டு இல்லாம தரமாட்டேன். வூட்ல எதுனா பிரச்சினையா?" என்றார். என் கதை அவருக்கும் எட்டியிருக்கும். என்னைப் போலத் தலாக் வாங்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்தவள் தூக்க மாத்திரை கேட்டால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினேன்.

செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரி நினைவுக்கு வராமல் இல்லை. ஆனால் அங்கே போனால் நம் ஊர்க்காரர் நாலு பேராவது இருப்பார்கள். செய்யூரிலிருந்து ஜைனபைப் பெண் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார்கள். அம்மாவின் இத்தா முடிந்ததும் வந்து பேசுவதாக ஏற்பாடு. "அது முடியற வரைக்கும் பல்லக் கடிச்சிகினு இரு" என்றாள் அம்மா. நானும் இருந்தேன். மாத்திரைகளை அரிவாள்மனையில் வைத்துப் பாதிப் பாதியாக நறுக்கினேன். ஒன்பதைப் பதினெட்டு நாளுக்கு ஓட்டலாம் என்று எனக்கு நானே சாமர்த்தியக்காரியாகிவிட்டேன்.

பன்னிரண்டாம் நாள் காலையில் ஜைனபு கொல்லையில் உட்கார்ந்து மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் பள்ளிக்கூடத்துக்குப் புடவை கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு சத்தம் கேட்டது. மனுஷச் சத்தமாகவே இல்லை. ஓடிப் பார்த்தால் அரிவாள்மனை மேலேயே சாய்ந்து கிடக்கிறாள். கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கிறது, வாயில் நுரை. அலகு அவள் காதுக்குக் கீழே கன்னத்தைக் கிழித்திருந்தது. இரண்டு விரல் தள்ளியிருந்தால் கழுத்து.

அம்மா ஓடிவந்தாள். வந்தவள் முதலில் சொன்னது என்ன தெரியுமா?

"கதவ சாத்துடி!"

நான் சாத்தினேன் அத்தா. அவளைத் தூக்கவில்லை, அரிவாள்மனையை நகர்த்தவில்லை. முதலில் ஓடிப்போய் வேலிக்கதவைச் சாத்திக் கொக்கி போட்டேன். அடுத்த வீட்டுக் காமாட்சியக்கா துணி துவைக்கிற சத்தம் நிற்கிறதா என்று நின்று கேட்டேன். அப்புறம்தான் திரும்பினேன். ஐந்தாறு விநாடி இருக்கும். அந்த விநாடிகளில் அவள் இன்னொரு முறை புரண்டிருந்தால்? இதை நினைக்காமல் ஒரு வேளைகூட என்னால் சாப்பிட முடியவில்லை.

மறுபடியும் மறுபடியும் வந்தது. மூன்று தடவை. மூன்றாவது அடங்கியபோது கண் திறந்து, "அக்கா, மீனு?" என்று கேட்டாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். அந்தச் சத்தம் காமாட்சியக்காவுக்குக் கேட்டிருக்கும். கேட்டால் கேட்கட்டும் என்று அப்போதுதான் தோன்றியது. அம்மா மட்டும், "கல்யாணம் போச்சே, போச்சே" என்று வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு கிடந்தாள்.

அடுத்த பஸ்ஸில் அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். கன்னத்தில் பழந்துணியை வைத்துக் கட்டி முக்காட்டை இழுத்துவிட்டிருந்தேன். வழியெல்லாம் அவள் கையை விடவில்லை. கருங்குழியில் பஸ் பிரேக் போட்டதில் அவள் உடம்பு ஒரு தடவை குலுங்கியது. என் உயிர் போய் வந்தது.

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற ஜன்னலில் நீள வரிசை. எங்கள் பின்னாலேயே நம் ஊர் ஐஸ் கம்பெனிக் கணக்கரின் மனைவி. "இன்னா டீச்சர், ரெண்டு பேரும் வந்துகீறீங்க? யாருக்கு நோவு?" என்றாள். நான் சிரித்து மழுப்பினேன். எங்கள் முறை வந்தது.

"யாருக்கும்மா? பேரு?" என்றார் ஜன்னலுக்குள்ளிருந்தவர்.

என் வாயில் என்ன வந்தது தெரியுமா அத்தா? "எனக்குத்தான். ஷரீபா." நீங்கள் ஐந்து வருஷம் சொன்ன அதே பொய். யோசிக்கவேயில்லை, தானாக வந்தது. அவர் எழுத ஆரம்பித்துவிட்டார்.

ஜைனபு என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். முக்காட்டை விலக்கி, ரத்தம் ஊறின துணியைக் காட்டினாள்.

"அவளுக்கு ஒண்ணும் இல்ல சார். எனக்குத்தான். பேரு ஜைனபு. பத்தொம்போது வயசு. காக்கா வலிப்பு கீது, அஞ்சு வருசமா கீது. நல்லா பெருசா எழுதுங்க."

வரிசையே திரும்பிப் பார்த்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை. உங்கள் சின்ன மகள், எலியைப் பார்த்தால் பெட்டி மேல் ஏறி நிற்பவள், அந்த ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆடாமல் நின்றாள்.

உள்ளே டாக்டரம்மா கன்னத்துக்குத் தையல் போட்டுக்கொண்டே என்னை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். "பாதியா நறுக்கிக் குடுத்தியா? டீச்சர் வேற! திடீர்னு கொறச்சா உசுருக்கே உலை. ரெண்டு நாள் விட்டிருந்தா பொணத்தத்தான் தூக்கிட்டு வந்திருப்ப" என்றார். திட்டட்டும். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். பதினைந்து நாளைக்கு மாத்திரை கொடுத்தார். மாதம் இரண்டு தடவை வர வேண்டும், ஒரு நாள்கூடத் தவறக்கூடாது என்றார்.

நாங்கள் வீடு வந்து சேர்வதற்குள் செய்தி எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டது. நாலாம் நாள் செய்யூரிலிருந்து, பையனுக்கு இப்போது கல்யாணம் செய்யும் எண்ணமில்லை என்று சொல்லியனுப்பினார்கள். அம்மா என்னோடு பேசுவதில்லை. முருகேசன் அண்ணன் மட்டும் வாசலில் வந்து நின்று, "எனக்குத் தெரியாதே டீச்சர், தெரிஞ்சிருந்தா ஓடியாந்து குடுத்திருப்பேனே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் மேல் என்ன தப்பு? நாம் நான்கு பேரும் சேர்ந்து அவரை ஏமாற்றினோம்.

இதைப் பத்திரிகைக்கு அனுப்பச் சொன்னது ஜைனபுதான். "என்ன மாதிரி எத்தினி பொண்ணுங்க யாரோ ஒருத்தர் பேருல மாத்திர தின்னுகினு கீதோ. எழுதுக்கா. எம் பேரப் போட்டே எழுது" என்றாள். ஊர்ப்பெயரையும் மறைக்க வேண்டாம் என்றாள். அதனால்தான் எழுதினேன். எங்கள் இருவர் மேலும் கோபம் இருக்கிறதா உங்களுக்கு? அவளைக் காப்பாற்றத்தானே அத்தனை பாடுபட்டீர்கள்? உங்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கதவைச் சாத்திய கை என்னுடையது.

நீங்கள் ஐந்து வருஷமாக எதற்குப் பயந்தீர்களோ அது நடந்துவிட்டது அத்தா. எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அவள் உயிரோடு இருக்கிறாள்.

என் பயம் போகவில்லை, போகும் என்றும் தோன்றவில்லை. ஆனால் ஒன்று சத்தியம் செய்கிறேன். இனிமேல் அவள் எங்கே விழுந்தாலும், நடுத்தெருவில் விழுந்தாலும், பள்ளிவாசல் முன்னால் விழுந்தாலும், நான் முதலில் அவளைத்தான் பார்ப்பேன். ஊரை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன்.

துஆ செய்யுங்கள்.

உங்கள் மூத்த மகள்,
ஜைனபின் அக்கா,
ஷரீபா
கடப்பாக்கம்