விரல் கறுத்தது ஐஸால் அல்ல

புவேர்த்தோ மோன்ட், சிலி
ஜூலை 9

அன்புள்ள கசிமிரோவுக்கு,

பொத்தோசியில் நீங்களும் நம் பிள்ளைகளும் நலமா? உங்கள் முதுகுவலி தேவலையா?

இங்கே ஒரு சின்ன விஷயம், பயப்பட வேண்டாம். என் விரல்கள் வெளுத்து, நீலமாகி, ஒன்றின் நுனி கறுத்துவிட்டது. மீன் தொழிற்சாலை ஐஸ்தான் காரணம் என்று சும்மா விட்டிருந்தேன். கூட மீன் வெட்டும் ஓர்டென்சியாதான், "அடியே, நானும் அதே ஐஸ்லதானே கைய விடுறேன்? எனக்கு ஏன் கறுக்கல?" என்று ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். விரலில் ரத்தம் ஏன் ஓடவில்லை என்று தேடிய டாக்டர், சினைப்பையில் ஒரு கட்டியைக் கண்டுபிடித்தார். புற்றுநோய்தான்; விரலுக்கு ரத்தம் போகாமல் செய்ததும் அதுதானாம். "விரல் காட்டிக் குடுத்துருச்சும்மா, சீக்கிரமே பாத்துட்டோம்" என்றார். அடுத்த மாதம் அறுவை சிகிச்சை.

உங்கள் கம்பளிக் கையுறை வேண்டும். என்னுடையது சிறியது, விரலில் போட்டிருக்கும் துணிக்கட்டுக்கு மேல் ஏறவில்லை. யாரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம், நீங்களே கொண்டு வாருங்கள்.

நர்ஸ் கூப்பிடுகிறாள்.

உங்கள்
எபிஃபானியா