கழனிமேட்டுத் தபாலாபீஸ் பிழைத்துக்கொண்டது

என் ஆசை நைனாவுக்கு,

நீ கண்ணை மூடிய பிறகு நடந்த சேதி இது. நம் கழனிமேட்டுத் தபாலாபீஸை மூடவில்லை. சந்தோஷமா?

நம் வீட்டு முன்னறையில்தானே அதை நடத்தினாய். கடுதாசி வரத்து குறைந்தால் மூடிவிடுவோம் என்று மேலிடத்தில் சொன்னார்கள். தொழிற்சாலை கட்ட ஆட்கள் நிலம் அளந்துகொண்டிருந்த நேரம் வேறு. "தபாலாபீஸ் கீற ஊரை எவன் காலி பண்ணுவான்? இது சர்க்கார் ஆபீஸு!" என்று மார்தட்டினாய். ஊரே நம்பியது.

வெளியிலிருந்து வந்தால்தான் வரத்துக் கணக்கில் சேரும் என்று, கழனி வேலை முடிந்ததும் ஆளாளுக்குத் திருவொற்றியூர் வரை நடந்து, அங்கிருந்து பக்கத்து வீட்டுக்கே கார்டு போட்டார்கள். எதிர்வீட்டுக் கன்னியம்மா அத்தை, "இன்னா மாமா, சௌக்கியமா கீறியா?" என்று கூடவே படுத்தெழும் புருஷனுக்கு என்னை எழுதச் சொன்னாள். நீயும் சிரிக்காமல் அதை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாய். என்ன கூத்து அது!

வரத்து கூடியது. ஆபீஸ் நிலைத்தது. ஊர்தான் போயிற்று. லாரியில் ஏற்றிவந்து கொருக்குப்பேட்டை ரயில் பாதை ஓரம் நம்மை இறக்கிவிட்டார்கள். "புது எடத்துல மொத வேலையா ஆபீஸ் தொறப்பாங்க, பாரு" என்றாய். என் அப்பாவி நைனா, எப்படித்தான் நம்பினாயோ?

திறந்தார்கள். நமக்கில்லை, தொழிற்சாலை வாசலில். பலகையில் கழனிமேடு என்றே எழுதியிருக்கிறது. சுற்றிலும் பேருக்கு ஒரு குடிசை இல்லை.

கப்பல் வேலைக்குப் போன தம்பி துரைக்கு அந்த விலாசத்தை விட்டால் வேறென்ன தெரியும்? கடைசி மூச்சுவரை அவன் கடுதாசிக்குத்தானே வாசலைப் பார்த்துக் கிடந்தாய்? அதனால் நேரே போய்க் கேட்டேன்.

"எந்த ஊரும்மா நீ?" என்றார் உள்ளே இருந்தவர்.

"கழனிமேடு."

"இன்னாம்மா, தமாஷ் பண்றியா? இங்க எவன் குடியிருக்கான்?"

"எங்க நைனா ஏகாம்பரம் பேருக்கு எதுனா வந்துச்சா?"

"வந்துகினுதான் இருந்துச்சு. ஆள் இல்லேன்னு எழுதித் திருப்பி அனுப்பிட்டேன். இப்ப வர்றதில்ல."

நைனா, எங்கோ ஒரு துறைமுகத்தில் அதைக் கையில் வாங்கியபோது துரை என்ன நினைத்திருப்பான்? நாம் எல்லாரும் செத்துவிட்டோம் என்றா? உன்வரையில் அது சரிதான்.

இனி திங்கட்கிழமைதோறும் அந்த வாசலில் போய் நிற்பேன். துரத்தினாலும் நிற்பேன். அவன் மனசு கேட்காமல் இன்னொரு தரம் எழுதினால், வாங்கிக்கொள்ளக் கழனிமேட்டில் ஒருத்தியாவது இருப்பாள்.

இப்படிக்கு,
உன் மூத்த மகள், துரையின் அக்கா,
அஞ்சலை