முழங்காலில் கட்டிய சாராயம்

உன் மகள் நேற்று அஜக்ஸ் நகரில் இருந்து வந்து, உன் அலுமாரியில் கடைசியாக இருந்த போத்தலைத் தந்துவிட்டுப் போனாள். பாதிக்கு மேல் காலி. மூடியைத் திருகியதும் வந்த மணத்தில் நான் அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். உங்கள் நாட்டில் பிளம்ஸ் பழத்தில் வடிக்கிற சாராயம். நீ அதைக் குடித்ததைவிட முழங்காலில் கட்டியதுதான் அதிகம்.

கனடாவுக்கு வந்த புதிதில் பிறம்ரன் வெயார்ஹவுஸில் நாங்கள் இருவரும் பெட்டி ஏற்றினோம். பல்கேரியாவில் உதைபந்தாட்டத்தில் முதல் பிரிவில் பத்து வருடம் பின்களத்தில் ஆடியவன் என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை. ஊரில் நான் யார் தெரியுமா என்று கேட்காத ஆள் அங்கே ஒருவரும் இல்லையே. ஒருநாள் மதிய இடைவேளையில் முற்றத்தில் பந்தோடு உன்னைத் தாண்டப் பார்த்தேன். நீ ஒன்றுமே செய்யவில்லை. பக்கவாட்டில் திரும்பி, என் இடுப்பைப் பார்த்தபடி பின்னே பின்னே போனாய். கடைசியில் நானே பதறிப் பந்தைத் தூரத் தள்ளினேன். நீ ஆறுதலாகப் போய் அதை எடுத்தாய்.

"முந்தாதை மச்சான். முன்னால வாறவன் முதல் அசையட்டும். முந்திக் காலை விட்டியெண்டால் விழுந்தாய்."

'மச்சான்' நீ எங்களிடம் கற்றுக்கொண்ட சொல். மற்றதெல்லாம் உடைந்த ஆங்கிலம். இப்போது அது என் காதில் தமிழாகவே கேட்கிறது. அந்தப் பத்து வருடத்தில் நீ அடித்தது இரண்டே கோல், அதில் ஒன்று உங்கள் பக்கத்துக்கே. அதைச் சொல்லி நீயே சிரிப்பாய். அடிக்க விடாத கோல்களை யார் எண்ணி வைக்கிறார்கள் என்றும் கேட்பாய்.

தொண்ணூற்றிநான்கு கோடையில் உலகக் கிண்ணத்தில் உன் நாடு கடைசி நான்கு அணிகளில் ஒன்றானது. ரெக்ஸ்டேலில் எங்கள் வீட்டு ரீவியில் பார்த்தோம். நீ எதிர்த்து ஆடிய ஆட்கள் அதில் ஓடினார்கள். நீ குஷனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு இருந்தாய். அதற்குப் பிறகு பல்கேரியன் என்றால் இங்கேயும் ஒரு மதிப்பு வந்தது. இங்குள்ள தொழில்முறைக் கழகமொன்று உன்னைப் பரீட்சை ஆட்டத்துக்குக் கூப்பிட்டது. எடுபட்டால் அவர்களின் கடிதத்தைக் காட்டி மனைவியையும் மகளையும் கூப்பிடலாம். மகளுக்கு அப்போது ஆறு வயது. அவளைக் கண்டு உனக்கு மூன்று வருடம்.

ஆனால் உன் வலது முழங்கால் வேலை முடிய வீங்கும். அது எனக்கும் என் மனைவிக்கும் மட்டும் தெரியும். பரீட்சை ஆட்டத்தன்று காலை நீ எங்கள் வீட்டில் இருந்து, சாராயத்தில் நனைத்த துணியைச் சுற்றி, அதன்மேல் ஒட்டுப் பிளாஸ்டரை இறுக்கினாய். "உந்தக் காலோட அவரை ஏன் கூட்டிக்கொண்டு போறியள்?" என்று மனைவி சமையலறையில் வைத்துக் கேட்டாள். நான் காரை எடுக்கப் போனேன். காரில் நீ ஒன்றே ஒன்று சொன்னாய்: காலைப் பற்றி மூச்சு விடாதே.

முதல் பாதி முழுவதும் நான் கோட்டுக்கு வெளியே நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். இருபது வயதுக்காரர்கள் உன்னிடம் வந்து வந்து தாங்களே பந்தை இழந்தார்கள். நீ திரும்பும்போதெல்லாம் எனக்குத்தான் முழங்கால் நொந்தது. இடைவேளையில் பயிற்சியாளர் சிரித்துக்கொண்டே உன் தோளைத் தட்ட வந்தார். வந்தவர் நின்றார். மோந்தார். முகம் மாறியது.

குடித்துவிட்டா வந்தாய் என்று கேட்டார்.

நீ அவரைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். வாயைத் திறந்தாய். எனக்குப் பொறுக்கவில்லை. இந்த மனிதனைப் பார்த்துக் குடிகாரன் என்பதா என்று இரத்தம் கொதித்தது. இல்லை, அவன் குடிக்கவில்லை, அது காலில் கட்டியிருக்கிற மருந்து என்று நான் முந்திக்கொண்டேன்.

அவர்கள் பிளாஸ்டரை வெட்டினார்கள். கழகத்து வைத்தியர் இரண்டு விரலால் அழுத்தினார். நீ முகத்தைச் சுளிக்கவில்லை, ஆனாலும் அவர் தலையை ஆட்டிவிட்டு எழும்பிப் போனார். இரண்டாவது பாதியில் உன் இடத்தில் வேறு ஒருவன் இறங்கினான்.

திரும்பி வரும்போது நானூற்றியொன்றாம் நெடுஞ்சாலையில் வாகனங்கள் நகரவில்லை. நன்றி சொல்வாய் என்றுகூட நினைத்திருந்தேன், மடையன். முன்னால் நின்ற லொறியைப் பார்த்தபடி நீ சொன்னாய்.

"குடிச்சனான் எண்டு சொல்ல இருந்தன். குடிகாரனை ஏசிப்போட்டு நாளைக்கு வா எண்டுவாங்கள். பழுதான முழங்காலை ஆர் நாளைக்கு வா எண்டுறது?"

அதோடு உன் ஆட்டம் முடிந்தது. நீ என்னோடு கோபம் வைக்கவில்லை. அடுத்த திங்கள் வழமைபோலப் பெட்டி ஏற்றினோம். மனைவியும் மகளும் இன்னும் மூன்று வருடம் பிந்தித்தான் வந்தார்கள். விமான நிலையத்தில் ஒன்பது வயதுப் பிள்ளை உன்னைப் பார்த்து வெட்கப்பட்டுத் தாயின் பின்னால் ஒளிந்தபோது, நான் வாகனம் பார்க்கப் போவதாகச் சொல்லி வெளியே போய் அழுதேன். அதை உன்னிடம் ஒருபோதும் சொன்னதில்லை.

போன மாதம் ஆசுப்பத்திரியில், வைத்தியர்கள் கைவிட்ட பிறகும் உனக்கு அந்தக் கால்தான் நொந்தது. மகள் சாராயத்தை ஒளித்துக் கொண்டுவந்து துணியை நனைத்துக் கட்டினாள். தாதி உள்ளே வந்து மோந்துவிட்டு, இங்கே யார் குடித்தது என்று கேட்டாள். மகள் உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்து அழுத்தினேன். நீ என்னைப் பார்த்தாய். நான் அசையவில்லை.

"நான்தான்," என்றாய் ஆறுதலாக. "குடிச்சனான். நாளைக்கு வாங்கோ."

தாதி சிரித்துவிட்டாள். நீயும் நானும் ஒருவரை ஒருவர் பார்க்கவேயில்லை. பார்த்திருந்தால் நான் உடைந்திருப்பேன். அதற்குப் பிறகு நீ நான்கு நாள்தான் உயிரோடு இருந்தாய்.

இதை எழுதிக்கொண்டிருக்க மனைவி வந்து வாசலில் நிற்கிறாள். போத்தல் இன்னும் திறந்தபடி.

"என்ன மணம் இது? குடிச்சனீங்களோ?"

நான் முந்தவில்லை. அவள் கேட்டு முடியும்வரை பொறுத்திருந்து சொன்னேன்.

"ஓம்."