வருஷத்துக்கு ஒரு போட்டோ

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

தத்தெடுப்பு அலுவலகம் மூலமா நீங்க அனுப்பின இந்த வருஷத்துப் போட்டோ வந்துச்சு. வருஷத்துக்கு ஒண்ணு, பேரும் இடமும் தெரியக்கூடாதுங்கிறதுதான் நம்ம ஒப்பந்தம். ஏழு வருஷமா நீங்க ஒரு தடவைகூடத் தவறினதில்லை. குட்டிக்கு முன்பல் விழுந்திருக்கு, பார்த்துச் சிரிச்சிட்டேன். தலையை மட்டும் இன்னும் கொஞ்சம் அழுத்தி வாரிவிடலாம். கோவிச்சுக்காதீங்க.

ஒரு விஷயம், சொல்லாம இருந்தா நெஞ்சு உறுத்தும். சட்டையில இருந்த பள்ளிக்கூடச் சின்னத்தை அலுவலகத்துல கறுப்பு மையால அடிச்சிருக்காங்க. ஆனா நான் வேலை பார்க்கிறது சீருடை தைக்கிற கம்பெனி. அந்தக் கட்டம் போட்ட துணி, ரெண்டு பொத்தான் வச்ச பாக்கெட், ஒரே ஒரு பள்ளிக்கூடத்துக்குத்தான் போகுது. பாக்கெட் வச்சுத் தைக்கிறதே நான்தான். எந்தப் பள்ளிக்கூடம்னு தெரிஞ்சுபோச்சு. அந்தப் பக்கம் போகலை, போகவும் மாட்டேன். உங்ககிட்ட மறைக்க மனசு வரலை, அவ்வளவுதான்.

இப்படிக்கு,
அவளைப் பெத்தவள்

ஜூன் 20

தங்கச்சிக்கு,

உன் நேர்மையை நான் குறை சொல்லலை. ஆனா படிச்சதிலிருந்து எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. உன் முகம் எனக்குத் தெரியாதே. சாயந்திரம் பள்ளிக்கூட வாசல்ல நிக்கிற ஒவ்வொருத்தியையும் நீயா இருக்குமோன்னு பார்க்கிறேன். பார்த்துட்டு எனக்கே வெட்கமா இருக்கு.

வேற பள்ளிக்கூடம் பார்த்துடலாம்னு அவர் சொல்லிட்டார். குட்டி ரெண்டு நாளா சரியாச் சாப்பிடலை. பக்கத்து பெஞ்சு சிநேகிதியை விட்டு வரமாட்டேன்னு ஒரே பிடிவாதம். இது யார்கிட்டேருந்து வந்ததோ. நான் என்னதான் செய்யட்டும், நீயே சொல்லு.

அக்கா

ஜூலை 2

அக்கா,

பிடிவாதம் என்னுதுதான், மன்னிச்சிருங்க. பள்ளிக்கூடத்தை மாத்தாதீங்க. அந்த வயசுல எனக்கு ஒரு சிநேகிதிகூடக் கிடையாது.

தெரிஞ்சதை மறக்க என்னால முடியாது. அதனால நேத்து அலுவலகத்துக்குப் போய், இனிமே போட்டோவும் வேண்டாம், கடிதமும் வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டேன். அங்கிருந்த அம்மா நல்லா யோசிச்சுக்கோன்னு மூணு தடவை சொன்னாங்க. யோசிச்சுத்தான் போனேன். பிள்ளைங்க மளமளன்னு வளர்ந்துடும். ரெண்டு வருஷம் போனா, நான் வாசல்ல வந்து நின்னாலும் எவ என் பொண்ணுன்னு எனக்கே தெரியாது. இனி நீங்க யாரையும் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பதினெட்டு வயசுக்கு அப்புறம் அவளாக் கேட்டா என் விலாசத்தைக் கொடுக்கலாம்னு நான் எழுதிக் கொடுத்த ஒரு தாள் அலுவலகத்துல இருக்கு. அதை மட்டும் நான் திரும்ப வாங்கலை. வீடு மாறும்போதெல்லாம் போய்ப் புது விலாசம் எழுதிட்டு வருவேன்.

தங்கச்சி