எண்ணப்படாத நாற்பத்தாறு ஓலைகளைக் குறித்து வடகணவாய்க்கு விடுத்த திருமுகம்

வானம் காலத்தில் பொழிக. மடைகள் எல்லார்க்கும் திறக்க. எல்லை காப்பாரின் இல்லங்களில் அடுப்பு எரிக.

தண்பொறை நாடுடைய நன்முல்லைப் பெருந்தேவியார் அரியணை ஏறிய ஒன்பதாம் ஆண்டு, கார்த்திகைத் திங்கள் இரண்டாம் நாள், அரசியாரின் ஆணையைத் தலைமேற்கொண்டு, ஓலைநாயகமும் பெருமடைத் தேர்தலின் கண்காணியுமாகிய தாமன் வெண்ணி, மூன்று போர் கண்டவரும் பனிமலை வாயிலின் காவலருமாகிய வடகணவாய்க் கோட்டைத் தலைவர் எயினன் கடம்பனார்க்கு விடுக்கும் திருமுகம். தாங்களும் தங்கள் கோட்டையும், குதிரைகளும், குளிரில் நிற்கும் வீரர் அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

சென்ற ஆனித் திங்களில் பெருமடை ஏரிவாரியத் தலைமைக்கு நடந்த தேர்தலில், தங்கள் கோட்டையிலிருந்து வந்த நாற்பத்தாறு வாக்கோலைகளையும் ஒதுக்கி வைத்தவன் யானே. அதன் பின் நிகழ்ந்தவற்றைத் தாங்கள் பிறர் வாயால் அரைகுறையாகக் கேட்டிருப்பீர்கள். முழுவதையும் என் எழுத்தால் அறிவது முறை.

தொலைவில் பணிபுரிவோர் தம் வாக்கை ஓலையில் எழுதி அனுப்பலாம் என்று அரசியார் சட்டம் செய்த முதல் ஆண்டு அது. வெற்றோலைகளைக் கட்டி, “வீரர் தம் விருப்பத்தை எழுதி அனுப்புக” என்னும் ஒற்றை வரியோடு அனுப்பினேன். எப்படி எழுதுவது, யார் முன் எழுதுவது, எழுதத் தெரியாதவர் என்செய்வது என்று ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. சட்டத்தை வகுத்த அவையில் யான் அமர்ந்திருந்தமையால், எனக்குத் தெரிந்தது எல்லார்க்கும் தெரியும் என்று எண்ணிவிட்டேன்.

தாங்கள் செய்ததும் அன்பினால் செய்தது என்பதை அறிவேன். வீரருள் பெரும்பாலார் எழுத்தறியாதவர் என்பதால், அனைவரையும் தங்கள் கூடத்தில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவரும் பெயர் சொல்லச் சொல்லக் கணக்கரைக் கொண்டு எழுதுவித்து, ஒரே கட்டாகக் கட்டி, தங்கள் முத்திரையிட்டு அனுப்பினீர்கள். கட்டு உரிய நாளில் வந்தது. அவையோர் முன் அதை அவிழ்த்தபோது, நாற்பத்தாறு ஓலையிலும் ஒரே கையெழுத்து இருந்தது. அனைத்திலும் கடைமடை ஓதன் பிட்டனார் பெயரே இருந்தது. பிட்டனார் தங்கள் தங்கையின் கணவர்.

அவரை எதிர்த்து நின்ற மேல்மடை நம்பன் காரியார் எழுந்து, இவை நாற்பத்தாறு பேரின் மனமா, ஒருவர் மனமா என்று வினவினார். எவ்வோலையிலும் வாக்காளர் குறி இல்லை. சாட்சியின் குறியும் இல்லை. சட்டம் வேண்டிய அவ்விரண்டும் இல்லாமையால் யான் அவற்றை ஒதுக்கினேன். குடத்தில் விழுந்த ஓலைகளை எண்ணியபோது காரியார் முப்பத்திரண்டு ஓலை மிகுதியால் வென்றார். கோட்டையின் ஓலைகளைச் சேர்த்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்பதை அவையிலிருந்த எல்லாருமே விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்கள்.

அப்போது பெண்டிர் பகுதியிலிருந்து ஒருத்தி எழுந்தாள். தங்கள் படையிலுள்ள வேட்டனின் மனைவி சேந்தி அவள். வயலுக்குரியவரே வாக்கிட வேண்டும் என்பது பெருமடை வழக்கமாதலால், அவள் கையில் ஓலை இல்லை. அவள் கேட்டதை அவள் மொழியிலேயே எழுதுகிறேன்: “அவருக்கு எழுதத் தெரியாதுங்க. காவலுக்கு நிக்கத்தான் தெரியும். அதுக்காக எங்க வீட்டுக்கு இந்த ஊர்ல வாயே இல்லாமப் போயிருமா?”

சட்டம் அப்படி என்றேன். அவள் அமர்ந்தாள்.

கடம்பனாரே, காரியார் தீயவர் அல்லர். மேல்மடையார் வாக்கால் வந்தவர் மேல்மடையார் சொல்லைக் கேட்டார், அவ்வளவே. ஆடியில் ஏரி முக்கால் அளவே நிரம்பியது. முறைநீர் மேல்மடையில் இருபது நாள் நின்றது. கடைமடைக்கு மூன்று நாள் வந்தது. ஆவணி முடியுமுன் கடைமடைப் பயிர் வைக்கோலாயிற்று. அங்குள்ள வீடுகளில் பாதி, தங்கள் வீரர்களின் வீடுகள். புரட்டாசியில் யான் கடைமடைத் தெருவழியே சென்றபோது பத்தொன்பது கதவுகள் பூட்டிக் கிடந்தன. சேந்தி மாடுகளை விற்றுவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு கிழக்குக் கடற்கரை உப்பளங்களுக்குச் சென்றவர்களோடு போய்விட்டாள் என்றார்கள். எந்த உப்பளம் என்று சொல்வார் இல்லை.

ஐப்பசி பத்தாம் நாள் வேட்டன் என் அலுவல் மண்டபத்துக்கு வந்தான். தங்கள் அனுமதியின்றிக் காவல் விட்டு வந்தவன் என்பதை அவனே முதலில் சொன்னான். பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டு நேரே வந்திருந்தான். சினந்து பேசுவான் என்று காத்திருந்தேன், சினக்கவில்லை. அன்று கோட்டைக் கூடத்தில் யார் பெயரைச் சொன்னாய், மனமொத்துச் சொன்னாயா என்று கேட்டேன். அவன் விடை என் உறக்கத்தைக் கெடுத்தது. தங்கள் உறக்கத்தையும் கெடுக்கும். ஆயினும் எழுதாமல் இருக்கலாகாது.

“பிட்டனாரத்தான் சொன்னேன், ஐயா. நாங்க எல்லாருமே கடைமடைக்காரங்க, வேற யாரச் சொல்லுவோம்? ஆனா தலைவரு முகத்தப் பாத்துக்கிட்டே சொன்னோம். நெனச்சதச் சொன்னோமா, அவருக்குப் புடிச்சதச் சொன்னோமான்னு இப்ப எனக்கே தெரியலீங்க.”

அதைக் கேட்டபின், ஓலைகளை ஒதுக்கியது பிழை என்றும் என்னால் சொல்ல இயலவில்லை. சரி என்றும் சொல்ல இயலவில்லை. ஒருவன் தன் மனம் இதுவென்று தானே உறுதியாய்ச் சொல்ல முடியாதபடி ஆக்கிவிட்டோம், தாங்களும் யானும்.

மறுநாளே அரசியார் திருமுன் சென்று, என் பிழையை முதலிலும் பிறவற்றைப் பின்னரும் சொன்னேன். என் பதவியை ஒப்படைக்க முன்வந்தேன். அரசியார் அதனை ஏற்கவில்லை. பிழை செய்தவனே முறையை எழுதித் தரட்டும், அவனுக்குத்தான் அது எங்கே உடையும் என்று தெரியும் என்றார். ஏரிவாரியத் தேர்தல் தைத் திங்கள் முழுமதி நாளில் மீண்டும் நடத்தப்படும். காரியாரும் இதற்கு இசைந்தார் என்பதைப் பதிவு செய்கிறேன்.

ஆகவே இம்முறை செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வீரர் அனைவரும் கேட்கும்படி உரக்கப் படிப்பிக்க வேண்டும். வாக்கோலை வேண்டுபவன் தானே கேட்க வேண்டும், கேளாதவனுக்கு அனுப்பப்படாது. தன் பெயர், தந்தை பெயர், தெரு, ஊருக்கு வர இயலாத காரணம் ஆகியவற்றை மனுவோலையில் எழுதி, எழுத்தறியாதவன் பிறரைக் கொண்டு எழுதுவித்து, தன் குறியைத் தன் கையால் இட வேண்டும். மனுக்கள் இம்மாதம் பதினெட்டாம் நாளுக்குள் கோட்டையை விட்டுப் புறப்பட்டால் மாத முடிவுக்குள் என்னிடம் சேரும்.

மார்கழி பிறந்ததும் வாக்கோலைகள் இங்கிருந்து புறப்பட்டு வரும். அவற்றில் எழுத வேண்டியதில்லை. பிட்டனார்க்கு ஏர், காரியார்க்கு விளக்கு என்று சின்னங்கள் வரைந்திருக்கும். விரும்பிய சின்னத்தின் அருகே எழுத்தாணியால் ஒரே ஒரு துளை இட்டால் போதும். இரண்டு துளையிட்ட ஓலை செல்லாது. கை தவறியவன் அதைத் திருப்பிக் கொடுத்து வேறு பெறலாம். துளையிடும்போது அறையில் அவன் ஒருவனே இருக்க வேண்டும். கையிழந்தவனும் கண்ணிழந்தவனும் தாமே தேர்ந்த ஒரு துணையை உடன் கொள்ளலாம். பின் ஓலையைச் சுருட்டி உள்ளுறையில் இட்டு, அரக்கு வைத்து மூட வேண்டும். உள்ளுறையின் மேல் பெயர் எழுதலாகாது.

கூடவே உறுதியோலை ஒன்று வரும். இன்னான் யான், என் கையால் துளையிட்டேன், எவரும் காணவில்லை என்பது அதன் வாசகம். அதில் அவன் குறியும் ஒரு சாட்சியின் குறியும் வேண்டும். சாட்சி காண வேண்டியது ஆளை, துளையை அன்று. உள்ளுறையையும் உறுதியோலையையும் ஒருங்கே வெளியுறையில் இட்டு அனுப்புக. இங்கே மனுவின் குறியும் உறுதியோலையின் குறியும் ஒத்திருக்கக் கண்டபின், உள்ளுறை பிரிக்கப்படாமல் குடத்துள் போகும். பிற ஓலைகளோடு கலந்த பின்னரே திறக்கப்படும். முழுமதி நாளின் உச்சிப்பொழுதுக்குப் பின் வருவது எண்ணப்படாது. கணவாய்ப் பாதைக்குப் பதினொரு நாள் ஆகும். பனி விழுந்தால் இன்னும் இரண்டு நாள் கூட்டிக்கொள்க.

தங்களுக்கு ஒரு வேண்டுகோள், ஆணையாகவும் கொள்க. துளையிடும் நாளில் தாங்கள் கோட்டையில் இருக்கலாகாது. வடக்குக் காவற்கோபுரத்துக்குச் சென்று, அந்தி சாயும்வரை அங்கேயே இருக்க வேண்டும். தங்கள் மீது ஐயமில்லை. தங்களை மதிக்கும் வீரர், தங்கள் முகம் தெரியாத இடத்தில் தம் மனத்தைத் தாமே கேட்டறியட்டும்.

இத்திருமுகத்தைக் கொணர்பவன் வேட்டன். காவல் விட்டு வந்த குற்றத்தை அரசியார் மன்னித்தார். அவன் மீது கோலோ சொல்லோ ஓங்கலாகாது. சேந்தியைத் தேடி உப்பளங்களுக்கு இருவரை அனுப்பியுள்ளேன்; இன்றுவரை செய்தி இல்லை. தான் தேடப் போவதா, கோட்டைக்குத் திரும்புவதா என்று மூன்று நாள் தவித்து, திரும்புவதாகச் சொன்னான். புறப்படுமுன் ஓர் ஐயம் கேட்டான். மனுவில் தெருப்பெயர் எழுத வேண்டுமே, வீடு பூட்டிக் கிடக்கிறதே, ஆளில்லா வீட்டுக்காரன் எந்தத் தெருவென்று எழுதுவது என்றான்.

அவனுக்குச் சொன்ன விடையே அரசாணையாக இங்கு முத்திரை பெறுகிறது. பூட்டிய வீட்டைச் சொல்லி எவர் மனுவையும் தள்ளுதல் கூடாது; தள்ளுபவன் யானாயினும் தண்டிக்கப்படுவான். பத்தொன்பது வீட்டாரும் தயங்காமல் எழுதுக, கடைமடைத் தெரு என்று.

ஏரியும் கரையும் பொறித்த அரசியாரின் முத்திரை இட்டது. கீழே, தாமன் வெண்ணி, தன் கைக்குறி.