வாசலில் செருப்புகள்

சனிக்கிழமை, இரவு

நான் வேலை பார்க்கும் ஆர்ட் கேலரிக்குள் போக டிக்கெட்டே வேண்டாம் என்று ஒரு வருஷமாகச் சொல்லிச் சொல்லி, இன்றுதான் பக்கத்து வீட்டு சரோஜாக்காவை எங்கள் பேட்டையான மர்பி டவுனிலிருந்து கூட்டிப் போனேன்.

அக்கா வாசலிலேயே செருப்பைக் கழற்றினார்.

"போட்டுக்கினே வாங்கக்கா."

"தரை பளபளன்னு கீது. மனசு வரல."

பின்னால் வந்த காலேஜ் பெண்கள் அதுதான் அங்கே வழக்கம் என்று நினைத்துத் தாங்களும் கழற்றினார்கள். மதியத்துக்குள் வாசல் முழுக்கச் செருப்பும் ஷூவும். அக்கா ஓர் ஏரி ஓவியத்தின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வழக்கமாகப் போனில் படம் பிடித்துக்கொண்டு ஓடுகிறவர்கள்கூட அவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்கள். இதற்கு முன் யாரும் அந்த ஓவியத்தை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

சாயங்காலம் மேனேஜர் மேடம் வந்து கத்தினார். "இதென்ன கோயிலா? யார் கழட்டச் சொன்னது?"

அக்காவின் முகம் சுருங்கிவிட்டது.

"நான்தான் மேடம்" என்றேன். பொய்தான். வருத்தமில்லை.

நாளைக் காலை 'காலணியுடன் உள்ளே வரலாம்' என்று பலகை வைக்க வேண்டுமாம். வைப்பேன். வைத்துவிட்டு, அதற்கு அடியிலேயே என் செருப்பைக் கழற்றி விடுவேன்.